புழுதி விதைப்பிற்கேற்ற புது நெல்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

இராமநாதபுரம், சிவகங்கை ஜில்லாக்களில் மழையையும் கண்மாயையும் நம்பியிருக்கும் அநேக நிலங்களில் நாற்று விட்டு நடும் வழக்கம் இல்லை. ஆவணி, புரட்டாசி மாதங்களில் நிலத்தைப் புழுதிபட உழுது, உலர்ந்த விதையைத் தூவி, மீண்டும் ஓர் உழவால் அதை மூடிவிட்டு, குடியானவன் வானத்தைப் பார்த்திருப்பான். வடகிழக்குப் பருவமழையின் முதல் மழையில் விதை முளைக்க வேண்டும். பின்னர்க் கண்மாய் நிரம்பினால் பயிர் தண்ணீரில் நின்று வளர வேண்டும். இவ்விரண்டில் முதலாவது தவறினால் இரண்டாவதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. மழை பெய்து கண்மாய் நிறைந்தும், வயலில் பயிர் இல்லாமல் வருஷம் முழுவதும் வீணாகப் போவதை இப்பக்கங்களில் நாம் கண்டிருக்கிறோம்.

இதுவரை வறண்ட ஜில்லாக்களுக்கே உரியதாயிருந்த இவ்விதைப்பு முறை இப்பொழுது மற்ற இடங்களிலும் பரவி வருகிறது. நடவுக்கு ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. காவிரிப் பாசனப் பிரதேசத்திலும் நேர் விதைப்புச் செய்வோர் பலர் உண்டு. பூமியின் அடியிலுள்ள தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே போய்க்கொண்டிருக்கும் பஞ்சாபிலும் இம்முறைக்கு ஆதரவு ஏற்பட்டிருக்கிறது. ஆகவே நேர் விதைப்பிற்கு ஏற்ற நெல் எது, அதை எவ்வாறு உண்டாக்குகிறார்கள் என்பதை நம் குடியானவர்கள் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

என் தவறு ஒன்று

இவ்விஷயத்தில் நான் முதலில் கற்ற பாடம் என்னுடைய தவறினாலேயே கிடைத்தது. அதை இங்கு மறைக்காமல் சொல்லிவிடுவதே நலம்.

2007 ஆம் வருஷத்தில் நான் உத்தியோகத்திற்குப் புதியவன். முதுகுளத்தூர் தாலூகாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், விவசாயத்தில் நெடுங்கால அநுபவமுள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு குட்டை நெல் ரகத்தைச் சிபாரிசு செய்தேன். ஆற்றுப் பாசன நிலங்களில் அது நல்ல மகசூல் கொடுக்கிறது என்பதைத் தவிர, என் சிபாரிசுக்கு வேறு ஆதாரம் இல்லை. பெரியவர் என் வார்த்தையை நம்பி ஓர் ஏக்கரில் அதை விதைத்தார். அதற்கடுத்த அரை ஏக்கரில், தம் வீட்டுக் குதிரில் இருந்த குழியடிச்சான் என்னும் பழைய நெல்லை அதே நாளில் விதைத்தார். இரண்டிற்கும் உழவு ஒன்று. மூடிய ஆழமும் ஏறக்குறைய ஒன்றே.

எட்டு நாளைக்குப் பின் நல்ல மழை ஒன்று பெய்தது. அதன்பின் பல நாள் கடும் வெயில். மேல்மண் ஓடு போல இறுகிவிட்டது. குழியடிச்சான் அதைப் பிளந்துகொண்டு வரிசை தெரியாமல் பச்சையாக எழும்பிற்று. நான் கொடுத்த நெல்லோ அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்த்ததே தவிர, வயல் வெறுமையாகவே கிடந்தது. விதை கெட்டதோ என்ற சந்தேகத்தோடு மண்ணைக் கிளறிப் பார்த்தேன். விதை கெடவில்லை; முளைத்தே இருந்தது. ஆனால் வெளுத்த குருத்து ஒன்றரை அங்குலம் வரையில் ஏறி, மேலே வர வலுவின்றி மண்ணுக்குள்ளேயே சுருண்டு மடிந்திருந்தது.

பெரியவர் என்னைக் கடிந்து பேசவில்லை. “ஐயா, நெல்லின் பேரில் குற்றமில்லை. நாற்றங்காலில் சீராட்டி வளர்க்க வேண்டிய பிள்ளையைக் கொண்டுவந்து கட்டாந்தரையில் விட்டோம். அது என்ன செய்யும்?” என்றார். மறு விதைப்புக்குப் பருவம் தப்பிவிட்டது. அந்த ஏக்கரில் அவ்வருஷம் அறுவடை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அவர் சொன்ன வார்த்தையில் நெல் அபிவிருத்தி சாஸ்திரத்தின் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருந்ததைப் பின்னரே உணர்ந்தேன்.

நடவு நெல்லும் விதைப்பு நெல்லும்

நடவு முறையில் நெல்லின் இளம் பருவம் முழுவதும் நம்முடைய பாதுகாப்பில் கழிகிறது. விதையை ஊறவைத்து முளை கட்டி, சேற்றின் மேல் தூவுகிறோம். அது மண்ணைத் துளைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. சிறிய இடமாதலால் தண்ணீர் கட்டவும் வடிக்கவும், பறவையை ஓட்டவும், களை எடுக்கவும் முடிகிறது. இருபது இருபத்தைந்து நாள் வளர்ந்த நாற்றைத் தண்ணீர் நிற்கும் வயலில் நடும்பொழுது, களைகளுக்கு அது இருபத்தைந்து நாள் மூத்ததாக இருக்கிறது. தேங்கி நிற்கும் தண்ணீரும் களைகளை எழும்ப விடுவதில்லை.

1912 ஆம் வருஷத்தில் கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட காலம் முதல் வெளிவந்த ரகங்களில் பெரும்பாலானவை இப்படி நட்ட வயல்களிலேயே பொறுக்கி எடுக்கப்பட்டவை. அறுவடையன்று எது அதிகம் தருகிறதோ அதுவே சிறந்ததென்று கொள்ளப்பட்டது. நடவுக்கு இது சரியான அளவுகோலே. ஆனால் அந்நெல்லின் முதல் இருபது நாளை ஒருவரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டிய அவசியமும் அப்பொழுது ஏற்படவில்லை.

1966 ஆம் வருஷத்தில் பிலிப்பைன் தீவுகளிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. உரத்தை ஏற்று, சாயாமல் நின்று, முன் எவரும் காணாத மகசூலை அது கொடுத்தது. அதன் குட்டைத் தன்மையே பின்னர் வந்த எண்ணற்ற ரகங்களில் புகுத்தப்பட்டது. பயிரை நீட்டி வளர்க்கும் ‘ஜிப்பரெலின்’ என்னும் வளர்ச்சிப் பொருள் குறைவாக உற்பத்தியாவதே இக்குட்டைத் தன்மைக்குக் காரணம். அதே பொருள் முளையின் குருத்தை மண்ணுக்கு மேல் தள்ளவும் வேண்டியிருக்கிறது. ஆகவே தாளைக் குட்டையாக்கிய அக்குணமே அநேக ரகங்களில் முளையின் ஆரம்ப வேகத்தையும் குறைத்துவிட்டது. நடவில் இக்குறை வெளிப்படவில்லை, புழுதியில் வெளிப்பட்டது.

விதைப்பு நெல்லுக்கு வேண்டிய குணங்கள்

நேர் விதைப்பிற்கென ஒரு ரகத்தை உண்டாக்குவோர் கவனிக்க வேண்டிய குணங்கள் பல. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. ஆழத்திலிருந்து எழும்புதல். விதைக்கும் குருத்துக்கும் இடையில் வெள்ளை நூல் போன்ற சிறு தண்டு ஒன்று உண்டு. அது நீண்டு வளரும் ரகமே இரண்டு அங்குல ஆழத்திலிருந்தும் வெளிவரும். ஆழமாக விதைத்தால் எறும்பு, பறவை இவற்றின் சேதம் குறையும். சிறு தூறலில் முளைத்துக் காய்ந்துபோகும் அபாயமும் குறையும்.

2. தண்ணீருக்குள் முளைத்தல். விதைத்தவுடன் பெருமழை பெய்து வயலில் தண்ணீர் தேங்கினால், காற்றில்லாமல் பெரும்பாலான ரகங்களின் விதை அழுகிவிடும். சில ரகங்கள் மட்டும் அந்நிலையிலும் முளையை மேலே அனுப்பும்.

3. ஆரம்ப வேகம். விதைப்பு வயலில் நெல்லும் களையும் ஒரே வயதுடையவை. முதல் மாதத்தில் விரைவாக இலை விட்டு நிலத்தை மூடிக்கொள்ளும் நெல்லே குதிரைவாலிப் புல்லையும் கோரையையும் அடக்கும்.

4. வேர். மழைக்கும் மழைக்கும் நடுவே பல நாள் இடைவெளி விழும். மேல்மண் காய்ந்தபொழுது கீழ்மண்ணின் ஈரத்தைத் தேடிச் செல்லும் வேர் வேண்டும். வாடிய பயிர் மறுமழையில் விரைவில் தலை தூக்கவும் வேண்டும்.

5. சாயாமை. மேலாக விழுந்த விதையின் வேர்ப்பிடிப்பு நட்ட நாற்றினுடையதைப் போல ஆழமானதன்று. பயிர் நெருக்கமாயிருப்பதால் தாளும் மெலியும். ஆகவே அடித்தாள் தடித்து உறுதியாயிருத்தல் அவசியம். நெருக்கமான பயிரில் தூர்கள் அளவாயிருந்து, ஒவ்வொரு கதிரும் கனமாயிருத்தல் மேல்.

6. அளவான விதை உறக்கம். மழை கண்டவுடன் எல்லா விதையும் ஒருங்கே முளைக்க வேண்டும். ஆயினும் அறுவடைக் காலத்து மழையில் கதிரிலேயே முளைத்துவிடவும் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் இணைப்பது எளிதன்று.

இக்குணங்களில் சில பழைய நாட்டு நெல்களில் நன்றாக அமைந்துள்ளன. குழியடிச்சான், நொறுங்கன் முதலியவை தலைமுறை தலைமுறையாகப் புழுதியிலேயே விதைக்கப்பட்டு, புழுதியில் எழும்ப மாட்டாதவையெல்லாம் மடிந்துபோக, எஞ்சியவற்றிலிருந்து வந்தவை. நம் முன்னோர் சாஸ்திரம் படியாவிட்டாலும், வயலே அவர்களுக்காகப் பொறுக்கிக் கொடுத்தது. ஆனால் இவற்றிற்கு நெடிய தாளும் குறைந்த மகசூலும் உண்டு. உரம் சற்று மிகுந்தால் சாய்ந்துவிடும். பழையதின் முதல் இருபது நாளையும் புதியதின் கடைசி இருபது நாளையும் ஒரே பயிரில் சேர்ப்பதே விதைப்பு நெல் அபிவிருத்தியின் சாரமாகும்.

கலப்பும் தேர்வும்

இவ்வேலை நடைபெறும் விதத்தைச் சுருக்கமாகக் கூறுவேன். நெல் தன் பூவில் தானே சூல் கொள்ளும் பயிர். ஆகவே தாயாகக் கொண்ட பயிரின் பூக்கள் விரிவதற்கு முன்பே, ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் நீக்கிவிட வேண்டும். பிறகு கதிரைக் காகித உறையால் மூடி, முற்பகலில் பூ விரியும் வேளையில் தந்தைப் பயிரின் மகரந்தத்தை அதன்மேல் தூவுவார்கள். இவ்விதம் கிடைக்கும் விதையிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பயிர்கள் யாவும் ஒன்றுபோலிருக்கும். இரண்டாம் தலைமுறையிலேயே தாய் தந்தையரின் குணங்கள் பிரிந்தும் கலந்தும், ஒன்றைப்போல் ஒன்றில்லாத ஆயிரக்கணக்கான பயிர்கள் தோன்றும். அவற்றில் நல்லதைப் பொறுக்கி, தனித்தனி வரிசையாக விதைத்து, குணம் நிலைபெறும் வரையில் ஆறு ஏழு தலைமுறைகள் தொடர்ந்து தேர்வு நடத்த வேண்டும்.

இங்கேதான் பெரியவரின் வார்த்தை நினைவுக்கு வருகிறது. இத்தேர்வை நட்ட வயலில் நடத்தினால், மண்ணைத் துளைக்கும் வலுவில்லாத பயிரும் நாற்றங்காலின் தயவால் பிழைத்து, நன்றாய் விளைந்து, நம்மை ஏமாற்றும். ஆகவே இரண்டாம் தலைமுறை முதற்கொண்டே புழுதியில், ஒரே அளவான ஆழத்தில் விதைத்து, பத்தாம் நாள் எழும்பியவை எவை, இருபதாம் நாள் நிலத்தை மூடியவை எவை என்று பார்த்தே பொறுக்க வேண்டும். அதன்பின்னரே கதிரைப் பார்க்கலாம். விதைப்புக்கான நெல்லை விதைப்பிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் ஒரே கருத்து.

நிலைபெற்ற வரிசைகளை ஆராய்ச்சி நிலையத்திலும், பல இடங்களிலும், கடைசியில் குடியானவர்களின் சொந்த வயல்களிலும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே புது ரகம் வெளியிடப்படுகிறது. கலப்பிலிருந்து வெளியீடு வரையில் பத்து வருஷங்களுக்கு மேலாவது சாதாரணம்.

பரமக்குடியில் நடந்த வேலை

பரமக்குடி விவசாய ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பல வருஷங்களாக உழைத்து வந்திருக்கிறது. 1985 ஆம் வருஷத்தில் கோ 25, ஆடுதுறை 31 ஆகியவற்றின் கலப்பிலிருந்து பி.எம்.கே. 1 வெளிவந்தது. 1994 இல் பி.எம்.கே. 2 வந்தது. 2003 இல் வெளியான பி.எம்.கே. (ஆர்) 3, பிலிப்பைன் தீவுகளின் மேட்டு நிலத்து நெல்லாகிய யு.பி.எல்.ஆர்.ஐ. 7 உடன், நமது கோ 43 ஐக் கலந்து பெறப்பட்டது. 2009 ஆம் வருஷத்தில் பந்த்தான் 10, ஐ.இ.டி. 9911 ஆகிய இரண்டின் கலப்பாகிய அண்ணா (ஆர்) 4 வெளியாயிற்று. இது 100 முதல் 105 நாட்களில் அறுவடைக்கு வருவது; எக்டேருக்குச் சராசரி 3700 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 1500 கிலோ கொடுக்க வல்லது. மழை முன்னதாகவே நின்றுவிடும் வருஷங்களில் குறுகிய வயதே பயிருக்குப் பெரிய பாதுகாப்பு.

2020 ஆம் வருஷத்தில் கோயமுத்தூரிலிருந்து வெளிவந்த கோ 53 என்னும் ரகத்தின் வம்சம் கவனிக்கத்தக்கது. அதன் தாய் பரமக்குடியின் பி.எம்.கே. (ஆர்) 3, தந்தை நமது பழைய நொறுங்கன். புதுநெல் வந்ததும் பழையதைக் குதிரை விட்டு அகற்றிவிட்டவர்கள் அநேகர். ஒருவரும் நொறுங்கனைப் பேணாதிருந்தால் இப்புது ரகம் பிறந்திருக்க முடியாது.

புதிய உபாயங்கள்

தண்ணீருக்குள் முளைக்கும் குணத்தைப்பற்றி 2015 ஆம் வருஷத்தில் ஓர் அரிய உண்மை வெளியாயிற்று. பர்மா தேசத்தைச் சேர்ந்த காவோ லான் ஆன் என்னும் நெல்லில், இக்குணத்திற்குக் காரணமான பாரம்பரியக் கூறு, அதாவது மரபணு ஒன்றைக் கண்டறிந்தார்கள். காற்றில்லாத நிலையிலும் விதையிலுள்ள மாவுப்பொருளை விடாமல் சர்க்கரையாக்கி முளைக்கு ஊட்டும்படி அது செய்கிறது. உலகெங்கும் பரவிய ஐ.ஆர். 64 இல் அக்கூறு இல்லாமலே போயிருக்கிறது. இத்தகைய கூறு இன்னவிடத்தில் உள்ளதென்று தெரிந்துவிட்டால், நாற்றின் ஓர் இலைத் துண்டைச் சோதித்தே அது வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். இதனால் தேர்வு வேலை விரைவாகிறது. ஆயினும் இலைத் துண்டு சொல்வதை வயலும் ஒப்புக்கொண்டாலன்றி ரகம் முடிவானதாகாது.

களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லும் வந்திருக்கிறது. நாகினா 22 என்னும் வறட்சி தாங்கும் நெல்லை ரசாயனத்தால் மாறுதலடையச் செய்து, ‘இமாஸெதபைர்’ என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் பயிரொன்றைக் கோயமுத்தூர்ப் பல்கலைக் கழகத்தார் கண்டெடுத்தனர். அக்குணத்தை ஏற்ற பூசா பாஸ்மதி 1979, 1985 என்னும் இரு ரகங்கள் 2021 ஆம் வருஷத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. விதைப்பு வயலில் களையே முதல் சத்துருவாதலால் இதன் உபயோகம் பெரிது. ஆனால் ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால் அதற்கு அடங்காத களைகள் பெருகும். நெல்லுடன் இனம் சேரும் காட்டு நெல்லுக்கும் இக்குணம் பரவக்கூடும். ஆகவே மருந்தை மாற்றியும் பயிரை மாற்றியும் விவேகமாகக் கையாள வேண்டும்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

எந்தப் புது ரகத்தையும் புழுதியில் விதைப்பதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்துகொள்ளலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

முதலாவது: உங்கள் வயல் மண்ணை இரண்டு அகன்ற தொட்டிகளில் நிரப்பி, ஒன்றில் புது ரகத்தின் 100 விதைகளையும், மற்றொன்றில் வழக்கமான ரகத்தின் 100 விதைகளையும் சரியாக இரண்டு அங்குல ஆழத்தில் விதைத்து, ஒரு தடவை நன்றாக நனைத்துவிடுங்கள். பத்தாம் நாள் எண்ணுங்கள். இரண்டாவது: அதேபோல் வேறிரண்டு தொட்டிகளில் அரை அங்குல ஆழத்தில் விதைத்து, மண்ணின்மேல் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும்படி வைத்து, இரண்டு வாரம் கழித்து எண்ணுங்கள். புது ரகம் பழையதற்கு மிகவும் பின்தங்கினால், எவர் சிபாரிசு செய்தாலும் அதை ஏக்கர் கணக்கில் விதைக்க வேண்டாம்.

சரியான ரகம் கிடைத்த பின்னும் விதையைப் பக்குவம் செய்தல் நன்று. ஏக்கருக்கு 30 கிலோ விதை போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் வீதம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, விதையின் எடைக்குச் சமமான அக்கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்திற்கு உலர்த்தி விதைக்கலாம். இவ்விதம் கடினப்படுத்திய விதை ஆரம்ப வறட்சியைத் தாங்கி ஒருங்கே எழும்பும். கைவிதைப்பைவிட விதைக்கும் கருவியால் வரிசையாக விதைத்தால் ஆழம் ஒரே அளவாக அமையும்; களை எடுப்பதும் எளிது. பருவமழை தொடங்குவதற்கு முன்னரே விதைப்பை முடித்துவிடுவது நலம்.

பழைய நெல்லை முற்றிலும் கைவிடாமல், ஊருக்கு ஒருவராவது ஐந்து சென்டில் அதை வருஷந்தோறும் விதைத்துக் காப்பாற்றி வரவேண்டும். இது இலாகாவின் வேலை மட்டுமன்று.

மேற்சொன்ன பெரியவருக்கு நான் பட்ட கடன் நெடுநாள் என் மனத்தில் இருந்தது. அண்ணா (ஆர்) 4 வெளியான பின் அதன் சான்று விதை ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். அவர் மூட்டையை அவிழ்த்து ஒரு கைப்பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். “முதலில் பத்து சென்ட் விதைக்கிறேன், ஐயா. மண்ணு ஒப்புக்கொண்டால் பிறகு ஏக்கர்” என்றார். குழியடிச்சானையும் அவர் நிறுத்தவில்லை. அப்பத்து சென்ட் வரிசை தெரியாமல் எழும்பி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். மறு வருஷம் அவர் ஏக்கரில் விதைத்தார். புது நெல்லை ஏற்றுக்கொள்ளும் முறை இதுவே என்று நம் குடியானவர்கள் அனைவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.